சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் யாராவது இருப்பார்கள். செந்தோசா, விலங்குத் தோட்டம், தேக்கா (லிட்டில் இந்தியா) எல்லாம் முடிந்து ஒரு நாள் மிச்சமிருக்கும். அந்த நாளில் நான் அவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவேன். வருகிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இங்கேயே பத்து வருடமாக வேலை பார்க்கும் நண்பர்களும் அதையே கேட்டபோது, சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஆத்துல அப்படி என்ன இருக்கு? மெரினா பேயில நின்னு ஒரு போட்டோ எடுத்தா போதாதா?

படம் மட்டும் வேண்டுமென்றால் போதும். ஆனால் மெரினா பேயில் நீங்கள் நிற்கும் தரையில் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. ஊர் உருவான இடம் அதற்குப் பின்னால், ஆற்றுக்குள் இருக்கிறது. இது ஒரு தொழில் ஆறு. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீ என்ற ஒரே ஒரு கரை வளைவில் நடந்தது. அரிசி, மிளகு, கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடிச் சாறு), பிறகு ரப்பர் எல்லாம் அந்தப் படிகளில்தான் ஏறின.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆற்றின் மொத்த நீளம் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். திருச்சியிலிருந்து வந்த என் மாமா கரையில் நின்று, "இதுக்கா ஆறுன்னு பேரு வெச்சீங்க? எங்க ஊர்ல இதை வாய்க்கால்னுதான் சொல்வோம்" என்றார். காவிரி பார்த்த கண். ஆனால் சாயங்காலம் அவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?

பெரும்பாலானவர்கள் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு மேலே நடப்பார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். கிரேட் வேர்ல்டு நிலையத்தில் காலை எட்டு மணிக்கு இறங்கி, கிம் செங் பாலத்தருகே கரைக்குப் போய், தண்ணீரோடு கீழ்நோக்கி நடப்பது. ராபர்ட்சன் கீ, கிளார்க் கீ, போட் கீ, கடைசியில் முகத்துவாரம். சரக்கு போன வழிக்கு இது எதிர்த்திசைதான். ஆனால் அழகான இடங்கள் சாயங்கால வெளிச்சத்தில் கிடைக்கும். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு எழுந்து ஏழு மணிக்கு மறைவதால் கணக்குப் போடுவது சுலபம்.

நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம். பத்து மணிவாக்கில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், நண்பகல் சாப்பாடு, உச்சி வெயிலுக்கு ஆசிய நாகரிக அருங்காட்சியகம், மாலையில் போட் கீ, விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் படகு. கோயிலைப் பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள். மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள்.

வெயில் தாங்குமா? மழை வந்தா என்ன செய்யறது?

குடை இரண்டுக்கும் ஆகும். ராபர்ட்சன் கீ பக்கம் மர நிழல் தாராளம், போட் கீயில் குறைவு. ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். அந்த நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டால் நாள் கெடாது. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே நிரப்பிக் குடிக்கலாம்.

ரொம்ப செலவாகுமா?

நடப்பது இலவசம். ரயிலுக்குத் தலைக்குச் சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், ஊரிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. நாளின் பெரிய செலவு படகுச் சீட்டுதான்.

இங்க ஃபேக்டரியா இருந்துச்சு? எதை வெச்சு இதைத் தொழில் ஆறுன்னு சொல்றீங்க?

மேல்பகுதியில், இன்றைக்கு ராபர்ட்சன் கீ இருக்கும் இடத்தில், அரிசி ஆலைகளும் மர அறுவை ஆலைகளும் கிடங்குகளும் இருந்தன. ஆற்றின் நடுவே புலாவ் சைகோன் என்று ஒரு தீவுகூட இருந்தது, ஆடுமாடு வெட்டும் கூடம் அதில் இருந்தது. பிறகு தீவைக் கரையோடு சேர்த்துத் தூர்த்துவிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு பாலம் மட்டும் மிச்சம்.

கீழ்ப்பகுதியில் நடந்தது சுமை வேலை. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான், துவாக்கோ என்ற சரக்குப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும். படகுக்கும் கரைப் படிக்கும் நடுவே ஒரு பலகை. முதுகில் மூட்டையோடு அந்தப் பலகைமேல் கூலிகள் ஓட வேண்டும். ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி, மாலையில் குச்சியை எண்ணிக் கூலி. போட் கீயில் தண்ணீருக்குள் இறங்கும் அந்தப் படிகளில் இப்போது காதல் ஜோடிகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

வேலை ஒரே நாளில் போகவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் நீராவிக் கப்பல்கள் பெருகின, அவற்றுக்கு ஆழமான துறை வேண்டியிருந்தது, வணிகம் மெல்லத் தஞ்சோங் பகார் பக்கம் நகர்ந்தது. அப்படியும் நூறு வருடம் ஆறு தாக்குப்பிடித்தது. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டையை ஓர் ஆள் தூக்கும் காலம் அத்தோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

நம்ம ஆளுங்களுக்கும் இந்த ஆத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் சீனர் கடையாத்தானே இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்கள் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். பிறகுதான் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. போட் கீக்குப் பின்னால் சூலியா ஸ்திரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. முன்பு அதன் பெயர் கிளிங் ஸ்திரீட். 'கிளிங்' இந்தியர்களை இழிவாகச் சொல்லும் சொல்லாக மாறிவிட்டதால் 1920களில் பெயரை மாற்றினார்கள். சூலியாக்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தொடங்கியது, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இன்றும் இருக்கிறது. சில கடைகள் தள்ளி மாரியம்மன் கோயில், 1827. அதற்கு முன்னின்ற நாராயண பிள்ளை 1819இல் பினாங்கிலிருந்து, இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு கப்பலில் வந்தவர், இங்கே செங்கல் சூளை போட்டவர்.

அடுத்து செட்டியார்கள். சூலியா ஸ்திரீட்டை ஒட்டிய மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான ஒரு கூடம். தரையில் ஆளுக்கு ஒரு சின்ன மேசை, ஒரு பெட்டி, ஓர் அலமாரி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு. பகலில் கொடுக்கல் வாங்கல், இரவில் அங்கேயே பாய். வங்கிப் படியேற முடியாத சின்னக் கடைக்காரருக்குக் கடன் கிடைத்த இடம் அது. அந்தக் கிட்டங்கிகள் இப்போது இல்லை. அதே தெருவில் 2021இல் 51 மாடிக் கட்டடம் ஒன்று வந்திருக்கிறது. அதன் உச்சித் தோட்டத்துக்கு வார நாட்களில், குறிப்பிட்ட நேரங்களில், காசில்லாமல் போகலாம். மேலிருந்து பார்த்தால் ஆற்றின் வளைவு முழுசாகத் தெரியும். சீனர்கள் அதைக் கெண்டை மீனின் வயிறு என்பார்கள், செல்வம் சேரும் இடமாம்.

அந்தச் செட்டியார்கள் 1859இல் எழுப்பியதுதான் டேங்க் ரோடு முருகன் கோயில். தைப்பூசத்துக்குக் காவடிகள் வந்து சேருவது அங்கேதான். அப்புறம், இன்னொரு கூட்டத்தை யாரும் நினைப்பதில்லை. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1869இல் முடிந்த கேவனா பாலம் அவர்கள் உழைப்பில் எழுந்த கடைசிப் பெரிய வேலை. 1867 வரை இந்த ஊரை ஆண்டது இந்தியாவிலிருந்த அரசாங்கம் என்பதால், பாலப் பெயர்களிலும் அந்த வாடை இருக்கும். எல்கின் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், கேவனா இந்தியா அனுப்பிய கடைசி ஆளுநர்.

மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி? நாங்க சைவம்.

ஆற்றை ஒட்டிய உணவகங்களில் காட்சிக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். நான் அங்கே உட்காருவதில்லை. பத்து நிமிடம் நடந்தால் லாவ் பா சாட். 1894இல் இரும்புத் தூண்களால் எழுப்பிய சந்தைக் கட்டடம், இப்போது உணவங்காடி. இந்தியக் கடைகளும் உண்டு. கறி சாப்பிடுகிறவர்கள் இரவில் வந்தால் வெளியே தெருவை அடைத்துச் சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுவதைப் பார்க்கலாம். கண்டிப்பான சைவக்காரர்கள் ரயிலேறித் தேக்காவுக்கே போய்விடுவது நல்லது, கிளார்க் கீயிலிருந்து இரண்டே நிறுத்தம்.

படகுல போயே ஆகணுமா?

போகலாம். ஆனால் இரவு ஏழரைக்கு மேல். சுமார் 40 நிமிடச் சுற்று, பழைய பம்போட் (சரக்குப் படகு) வடிவத்தில் மின்சாரத்தில் ஓடும் படகு. பகல் இரண்டு மணிக்கு ஏறி வியர்த்து வழிந்தவர்கள் "ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை அவசரப்பட்டு ஒரு முகவரிடம் சீட்டு வாங்கினேன். அவர் சொன்ன துறை ஒரு கரையில், படகு நின்றது மறு கரையில். அத்தை, அவர் மருமகள், தள்ளுவண்டியில் குழந்தை எல்லாரும் பாலம் ஏறி இறங்கி ஓடினோம். படகு போய்விட்டது. அதிலிருந்து துறைக்குப் போய், படகைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சீட்டு வாங்குகிறேன்.

அம்மாவுக்கு முட்டி வலி. முழுசா நடக்க முடியுமா?

கரையோர நடைபாதை பெரும்பாலும் சமதரை, உட்காரப் பெஞ்சுகளும் உண்டு. முழுசாக நடக்க வைக்க வேண்டாம். எல்கின் பாலத்திலிருந்து கேவனா பாலம் வரைக்கும் போதும். அவ்வளவு தூரத்துக்குள்ளேயே நல்ல சிலைகள் வந்துவிடும். ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்கள், வெள்ளைக்கார வணிகரின் பேரத்துக்குப் பக்கத்தில் மூட்டை சுமக்கும் கூலிகள், ஒரு செட்டியாரையும் இன்றைய வங்கிக்காரர்களையும் சேர்த்து வைத்த கூட்டம். அம்மாவைச் செட்டியார் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் எடுத்திருக்கிறார்கள்.

தண்ணி உப்பா? இறங்கிக் கால் நனைக்கலாமா?

உப்பில்லை. 2008இல் முகத்துவாரத்துக்கு வெளியே மெரினா அணை கட்டி, கடலைப் பிரித்துவிட்டார்கள். இப்போது இந்த ஆறு ஒரு குடிநீர்த் தேக்கத்தின் பகுதி. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அந்தத் தேக்கத்துக்கு வருகிறது. அதனால்தான் ஓதமும் (கடல் நீர் ஏறி இறங்குவதும்) இல்லை. முன்பு ஓதம் ஏறினால் கேவனா பாலத்தின் அடியில் படகு நுழையாது, தண்ணீர் இறங்கும்வரை காத்துக் கிடப்பார்கள்.

குளிக்கவும் இறங்கவும் அனுமதி இல்லை. சிறுவர்கள் குதிப்பது சிலையில் மட்டும்தான். ஆனால் நீர்நாய்களுக்குத் தடையில்லை. அதிகாலையில் ராபர்ட்சன் கீ பக்கம் குடும்பத்தோடு நீந்திப் போவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

முன்னாடி நாறும்னு சொல்றாங்களே, நிஜமா? சுத்தம் பண்ணினப்ப அங்க இருந்தவங்க எங்க போனாங்க?

நிஜம்தான். அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் முதலில் மூக்கைத்தான் பிடித்துக் காட்டுவார்கள். நிறம் கறுப்பு. சாக்கடை இல்லாத குடிசைகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள், காய்கறிக் கழிவு, படகு எண்ணெய், மேட்டுப் பகுதிப் பன்றிப் பண்ணைகள் எல்லாம் சேர்ந்த வினை. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ பத்து வருடத்தில் ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று கெடு வைத்தார். 1987இல் முடித்தார்கள். கல்லாங் ஆற்றுப் படுகையையும் சேர்த்துச் செலவு சுமார் 170 மில்லியன் வெள்ளி, இடம்பெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு இதில் சேராது.

போனவர்கள் கணக்கு பெரியது. இரண்டு படுகையிலும் ஏறக்குறைய 26,000 குடும்பங்கள், பெரும்பாலும் வீவக வீடுகளுக்கு. சுமார் 5,000 தெரு வியாபாரிகள் உணவங்காடிகளுக்கு. 600க்கும் அதிகமான பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. 1983இல் 800 சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் ஆறு காலியானது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். நாற்றம் போனதில் அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அடுத்த பல மாதங்கள் படகு இல்லாத தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றும் சொன்னார். இரண்டும் உண்மைதான் என்று எனக்குப் படுகிறது.

சிங்கத் தலை மீன் உடம்பு இருக்கே, அதுக்கும் ஆத்துக்கும் சம்பந்தம் உண்டா?

மெர்லயன் 1972இல் முகத்துவாரத்தில்தான் வைக்கப்பட்டது, ஆற்றுக்குள் வருகிறவர்களை வரவேற்க. 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து அதன் முகத்தை மறைத்தது. 2002இல் 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் வைத்தார்கள். ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கூட்டம் பிடிக்காதவர்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வரலாம்.

ஆத்து முகத்துல தமிழ்க் கல்வெட்டு இருந்துச்சாமே?

கல்வெட்டு இருந்தது. தமிழா என்பதுதான் வம்பு. முகத்துவாரத்தில் சுமார் மூன்று மீட்டர் உயரப் பாறை ஒன்றில் யாராலும் படிக்க முடியாத எழுத்து இருந்தது. 1843இல் கோட்டைக்கு இடம் வேண்டுமென்று அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

2019இல் ஓர் ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் துண்டாக இருக்கலாம் என்றும் எழுதினார். அவர் படித்தது காவி என்ற பழைய ஜாவா எழுத்தாக, தமிழ் எழுத்தாக அல்ல. கல்லும் முழுசாக இல்லை. அதனால் 'சோழன் கல்வெட்டு' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பி உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி, பள்ளிக்கூட ஆசிரியரான சித்தப்பாவிடம் மாட்டிக்கொண்டேன்.

எல்லாத்தையும் இடிச்சுப் புதுசாக் கட்டிட்டு பழசுங்கறாங்க. எது நிஜம், எது ஜோடனை?

நியாயமான சந்தேகம். கேவனா பாலம் நிஜம். மூன்று அந்தருக்கு (ஹண்ட்ரட்வெயிட், மூன்றும் சேர்த்துச் சுமார் 150 கிலோ) மேல் எடையுள்ள வண்டியும் மாடும் குதிரையும் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகைகூட இன்னும் இருக்கிறது. 'மூன்று அந்தர்' என்று படித்துச் சொன்னதும் மாமா சிரித்தார், அவர் அப்பா வெல்லம் எடை போட்ட அளவு. 1928இல் தபால் நிலையமாகத் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம் நிஜம், உள்ளே மட்டும் ஹோட்டல். போட் கீ கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புக்கு வந்தவை. முகப்பு பழசு, உள்ளே பீர்.

கிளார்க் கீ பாதிக்குப் பாதி. கிடங்குச் சுவர்கள் பழையவை, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் மேல்கூரைக் குடைகளும் பிற்காலத்தவை. கோல்மன் பாலம் 1990இல் கட்டியது, பெயர்தான் 1840ஆம் வருடத்துப் பாலத்தினுடையது. ராபர்ட்சன் கீயில் தொங்கான் வடிவத்தில் நிற்கும் அல்காஃப் பாலம் 1997இல் வந்தது, அது பழசு என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதைத் தாண்டி ஹேவ்லக் ரோடு பக்கம் மூன்று முக்கோண முகப்போடு 1895ஆம் வருடத்துக் கிடங்கு ஒன்று ஹோட்டலாகியிருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 'கிடங்கு' என்ற நம் சொல்தான் மலாய் வழியாகப் போய் வெள்ளைக்காரன் வாயில் 'கோடவுன்' ஆனது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள், அதைச் சொல்ல இதைவிட நல்ல வாசல் கிடையாது.

எங்களுக்கு விமானம் சாயங்காலம். மூணு மணி நேரம்தான் இருக்கு.

அப்படியானால் மேலே சொன்ன நடையை மறந்துவிடுங்கள். முட்டி வலிக் கேள்வியில் சொன்ன எல்கின் முதல் கேவனா வரையான கரை, சூலியா ஸ்திரீட் வழியாக மார்க்கெட் ஸ்திரீட், அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பள்ளிவாசல், மாரியம்மன் கோயில். படகு வேண்டாம். பெட்டிகளை ரயில் நிலையத்தில் விட இடம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். கோயிலில் கும்பிட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி, ஒரு கரும்புச் சாறு குடித்துவிட்டு மேக்ஸ்வெல் நிலையத்திலேயே ரயிலேறலாம்.